குழந்தையின் நோயும் பெரியவரின் இருமலும்

ஆங்கில மொழிக்கு 1755-ஆம் ஆண்டில் பேரகராதி தந்த சாமுவேல் ஜான்சனின் புலமையை ஆசிரிய உலகம் நன்கறியும். அவ்வறிஞரின் கழுத்தில் வாழ்நாள் முழுதும் மறையாத வடுக்கள் இருந்தன என்பதைப் பலர் அறியார். குழந்தைப் பருவத்தில் அவரைக் கண்டமாலை நோய் பற்றியது. கழுத்து நெறிகள் வீங்கிப் புண்ணாகும் அந்நோயை, முடிசூடியவர் தம் கையால் தொட்டால் தீரும் என்பது அக்கால ஆங்கில மக்களின் நம்பிக்கை. 1712-ஆம் ஆண்டில், இரண்டரை வயதுக் குழந்தையாக இருந்த ஜான்சனை அவருடைய தாய் இலண்டனுக்கு எடுத்துச் சென்றார். ஆன் அரசியார் குழந்தையைத் தொட்டருளினார். கழுத்தில் அணியப் பொன் வில்லை ஒன்றும் கிடைத்தது. ஜான்சன் அதை இறுதிவரை அணிந்திருந்தார். ஆனால் தொடுகையால் நோய் தீரவில்லை. அறுவையின் வடுக்களும் மங்கிய கண்பார்வையும் அவருக்கு நிலைத்துவிட்டன.

கண்டமாலை பெரும்பாலும் காசநோயின் ஒரு வடிவமே என்பதை மருத்துவ உலகம் 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலேதான் ஐயமற அறிந்தது. ஆயினும் ஜான்சன் குடும்பத்தை அறிந்த மருத்துவர் ஒருவர் அன்றே ஒன்றைக் கவனித்திருந்தார். குழந்தைக்குப் பாலூட்டிய செவிலித்தாயின் மகனுக்கும் அதே நோய் இருந்தது. ஆகவே அச்செவிலியிடமிருந்தே நோய் வந்திருக்க வேண்டும் என்று அவர் கூறிவந்தார். அதற்கு அவர் சொன்ன விளக்கம் பழைய மருத்துவக் கொள்கையைச் சார்ந்தது. ஆனால் அவருடைய பார்வை சென்ற திசை சரியானது. குழந்தையை மட்டும் நோக்காமல், அதை எடுத்து வளர்த்தவரையும் அவர் நோக்கினார். இச்சிறிய உண்மையை மருத்துவ அறிவு பல வழிகளில் அலைந்து மீண்டும் கண்டடைந்த வரலாறே, குழந்தைகளின் காசநோயைக் கண்டறிந்த வரலாறாகும்.

இது முடிந்துபோன பழங்கதை அன்று. 2020-களின் தொடக்கத்தில், 15 வயதிற்குட்பட்ட பிள்ளைகளில் ஆண்டுதோறும் ஏறத்தாழ 12 இலட்சம் பேர் உலகெங்கும் இந்நோய்க்கு ஆளாயினர் என உலகச் சுகாதார நிறுவனம் மதிப்பிட்டது. அவர்களில் ஏறத்தாழச் சரிபாதிப் பேருடைய நோயே பதிவேட்டில் ஏறவில்லை. 2015-ஆம் ஆண்டின் நிலையை ஆராய்ந்து 2017-இல் வெளியிடப்பெற்ற மதிப்பீடு ஒன்று, காசநோயால் மாண்ட பிள்ளைகளில் நூற்றுக்கு 96 பேர் மருந்தே பெறாதவர்கள் என்றும், நூற்றுக்கு 80 பேர் ஐந்து வயது நிரம்பாதவர்கள் என்றும் காட்டியது. மருந்து இருக்கிறது, மருந்து தீர்க்கவும் செய்கிறது. நோய் இன்னதென்று அறியப்படாமையே இக்குழந்தைகளைக் கொல்கிறது.

குறிகளை நம்பிய காலம்

நோயைக் கண்ணுக்குத் தெரியும் குறிகளால் பெயரிடுவது பண்டைய வழக்கம். தமிழில் இந்நோய்க்கு வழங்கும் எலும்புருக்கி என்னும் பெயரே இதற்குச் சான்று. உடல் உருகி எலும்பு தோன்றும் வரை நோய் முற்றிய பின்னரே அப்பெயர் பொருந்தும். வளர்ந்தவர் பல ஆண்டுகள் இருமி, இளைத்து, உருகுவர். கைக்குழந்தைக்கு அவ்வளவு காலம் கிடைப்பதில்லை.

1768-ஆம் ஆண்டில், எடின்பரோ நகரின் பேராசிரியர் ராபர்ட் விட் என்பார் எழுதிய நூல், அவர் மறைந்த பின் வெளிவந்தது. நன்றாக இருந்த குழந்தை சோர்கிறது, உணவை வெறுக்கிறது, வாந்தி எடுக்கிறது, வெளிச்சத்தைக் கண்டு கண்ணை மூடுகிறது. நாடித்துடிப்பு முதலில் விரைகிறது, பின்பு தளர்கிறது, முடிவில் மீண்டும் விரைகிறது. இந்த மூன்று படிகளையும் விட் துல்லியமாகக் குறித்துவைத்தார். இறந்த குழந்தைகளின் மூளையில் நீர் கோத்திருந்ததையும் கண்டார். அது காசநோய் மூளையின் உறையைத் தாக்கியதன் விளைவு என்பதைப் பிற்காலத்தார்தாம் அறிந்தனர். அவர் முடிவை முன்கூட்டியே சொல்ல வல்லவராயினார். அதைத் தடுக்க அவரிடம் யாதொன்றும் இல்லை.

1816-ஆம் ஆண்டில் பிரெஞ்சு மருத்துவர் லென்னெக் இதயமும் நுரையீரலும் எழுப்பும் ஒலிகளைக் கேட்கும் குழாயை அமைத்தார். பெரியவர்களின் நெஞ்சில் நோய் குடைந்த குழிகளை அவர் காதால் கண்டறிந்தார். குழந்தைகளிடத்தோ அக்குழாய் பெரிதும் தோற்றது. அவர்களுடைய நோய் நுரையீரலைக் குடைவதைக் காட்டிலும், மார்பின் நடுவிலுள்ள நெறிகளிலேயே பெரும்பாலும் தங்குகிறது. அங்கிருந்து காதுக்கு எட்டும் ஒலி அரிதாகவே எழுகிறது.

கிருமி கிடைத்தும் தீராத குறை

1882-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 24-ஆம் நாள், ஜெர்மானிய அறிஞர் ராபர்ட் காக் பெர்லின் நகரில் காசநோய்க் கிருமியைத் தாம் கண்டறிந்ததை அறிவித்தார். சில காலத்திற்குள் அக்கிருமிக்குச் செந்நிறம் ஏற்றும் முறையும் செம்மையுற்றது. நோயாளி காறி உமிழும் சளியை ஒரு கண்ணாடித் துண்டில் தடவி, சாயமிட்டு, நுண்பெருக்காடியில் நோக்கினால் போதும். வளர்ந்தவர்களைப் பொறுத்தவரை, பல்லாயிரம் ஆண்டு ஐயத்திற்கு ஒரு தெளிவான விடை கிடைத்துவிட்டது.

சிறு குழந்தையிடம் இவ்வழி செல்லவில்லை. இதற்குக் காரணங்கள் இரண்டு. முதலாவது, ஐந்தாறு வயது வரை குழந்தைக்குச் சளியைக் காறி உமிழத் தெரியாது, இருமியதை விழுங்கிவிடும். இரண்டாவது, குழந்தையின் உடலில் கிருமிகள் மிகச் சிலவே இருக்கும். வளர்ந்தவரின் நுரையீரற் குழியில் கோடிக்கணக்கான கிருமிகள் பெருகுகின்றன. குழந்தையின் நெறியில் அடைபட்ட சில கிருமிகளே அதன் உயிரை வாங்கப் போதுமானவை.

விழுங்கிய சளியை வயிற்றிலிருந்தே எடுத்தால் என்ன? இவ்வாறு எண்ணியவர் பிரெஞ்சு மருத்துவர் மூனியே. குழந்தையின் வெறும் வயிற்றில் மெல்லிய குழாயைச் செலுத்தி, இரைப்பை நீரை எடுத்துச் சோதிக்கும் முறையை அவர் 1898-ஆம் ஆண்டில் விளக்கினார். இரவெல்லாம் விழுங்கிய சளி விடியற்காலையில் அங்கே இருக்கும் என்பது இதன் அடிப்படை. இம்முறை இன்றும் மருத்துவமனைகளில் கையாளப்படுகிறது. ஆயினும் குழந்தைக்கு இது துன்பம் தருவது. நோய் உள்ள பிள்ளைகளிற் பலரிடம் இதனாலும் கிருமி சிக்குவதில்லை. கிருமி கிடைத்தால் நோய் உறுதி. கிடைக்காவிட்டால் நோய் இல்லை என்று சொல்ல இயலாது. மருத்துவரை இன்றளவும் வருத்தும் இக்கட்டு இதுவேயாகும்.

வியன்னாவில் பிறந்த இரு வழிகள்

கிருமியை நேரிற் காண முடியாதெனில், அது வந்துசென்ற தடத்தையேனும் காணலாம் அன்றோ? இக்கேள்விக்கு விடை தந்த நகரம் ஆஸ்திரியாவின் தலைநகரான வியன்னா. அங்கே ஏழை மக்கள் நெருக்கமான குடியிருப்புகளில் வாழ்ந்தனர், காசநோய் மிகுந்திருந்தது.

காக் 1890-ஆம் ஆண்டில், கிருமி வளர்ந்த திரவத்திலிருந்து டியூபர்குலின் என்னும் பொருளை எடுத்து, அதை நோய் தீர்க்கும் மருந்தாக உலகிற்கு அறிவித்திருந்தார். மருந்தாக அது பெருந்தோல்வி கண்டது. ஆனால் தோற்ற மருந்து நல்லதொரு சோதனையாயிற்று. முதலில் கால்நடை மருத்துவர்கள், காசநோயுள்ள மாடுகளைப் பிரித்தறிய அதனைப் பயன்படுத்தினர். குழந்தைகளுக்கு அதைத் தீங்கின்றிப் பயன்படுத்தும் வழியை 1907-ஆம் ஆண்டில் கண்டவர் வியன்னாவின் குழந்தை மருத்துவர் கிளெமென்ஸ் ஃபொன் பிர்க்கே.

பெரியம்மைக்கு இரண்டாம் முறை அம்மைப்பால் குத்தப்பட்டவரின் தோல், முதன்முறையைக் காட்டிலும் விரைந்து சிவப்பதை அவர் கண்டிருந்தார். உடல் ஒருமுறை சந்தித்த பகையை நினைவில் வைக்கிறது என்பது அவர் கண்ட கருத்து. இவ்வாறு மாறிய உடல்நிலைக்கு 1906-இல் அவர் இட்ட பெயர்தான் இன்று யாவரும் வழங்கும் அலர்ஜி என்னும் சொல். குழந்தையின் முன்கையில் டியூபர்குலின் துளிகளை இட்டு, அவ்விடத்துத் தோலைச் சிறிதளவு கீறினார். மருந்திடாத கீறல் ஒன்றையும் ஒப்பீட்டிற்காக இட்டார். ஓரிரு நாளில் மருந்திட்ட கீறல் சிவந்து தடித்தால், அவ்வுடலினுள் காசக் கிருமி முன்பே நுழைந்திருக்கிறது என்று பொருள்.

சோதனையின் முடிவுகள் அதிர்ச்சி அளித்தன. வயது ஏற ஏற, சிவந்த கைகளின் எண்ணிக்கையும் ஏறியது. அந்நகரின் ஏழைப் பிள்ளைகளில் மிகப் பெரும்பாலோர் பள்ளிப் பருவம் முடிவதற்குள் கிருமியைச் சந்தித்துவிட்டனர். ஆனால் அவர்கள் அனைவரும் நோயாளிகள் அல்லர். பலருடைய உடலில் கிருமி உறங்கிக் கிடந்தது. தொற்று வேறு, நோய் வேறு என்னும் பாகுபாடு இங்கே தெளிவுற்றது. அத்துடன் மற்றோர் உண்மையும் வெளிப்பட்டது. பத்து வயதுச் சிறுவனின் கை சிவந்தால், அது என்றோ நேர்ந்த தொற்றின் தடமாக இருக்கலாம். ஆறு மாதக் குழந்தையின் கை சிவந்தால், தொற்று நேற்று நேர்ந்தது போன்றதே; அக்குழந்தை பேராபத்தில் இருக்கிறது.

பிர்க்கே தம் சோதனையின் குறையையும் தாமே கண்டுரைத்தார். மணல்வாரி அம்மை கண்ட குழந்தையின் தோல், அக்காலத்தில் டியூபர்குலினுக்குச் சிவப்பதில்லை என்று 1908-இல் எழுதினார். நோய் முற்றித் தளர்ந்த குழந்தையும், பசியால் நலிந்த குழந்தையும் அவ்வாறே என்பது பின்னர்த் தெளிவாயிற்று. யாருக்கு ஆபத்து மிகுதியோ, அவர்களிடமே சோதனை வாய்மூடி நின்றது.

பிரெஞ்சு மருத்துவர் சார்லஸ் மாந்து 1908-ஆம் ஆண்டில் கீறலுக்குப் பதிலாக, அளவிட்ட மருந்தை நுண்ணிய ஊசியால் தோலுக்குள் செலுத்தினார். அவர் பெயராலேயே மாந்து சோதனை இன்றும் வழங்குகிறது. 48 முதல் 72 மணி நேரத்திற்குள், சிவப்பை விட்டுத் தடிப்பை மட்டும் அளந்து முடிவு கூறுவர். மருந்தின் தூய்மையில் இருந்த குறையை 1930-களில் நீக்கியவர் அமெரிக்க வேதியியலறிஞர் பிளாரன்ஸ் சீபர்ட் அம்மையார். மூன்று வயதில் இளம்பிள்ளை வாதத்தால் தாக்கப்பட்டுக் கால் ஊனமுற்ற அவர் பிரித்தெடுத்த தூய புரதம், 1952-இல் உலகத் தர அளவாக ஏற்கப்பெற்றது.

வியன்னா தந்த மற்றொரு வழி, பிண ஆய்வு மேசையிலிருந்து வந்தது. குழந்தைக்குக் காசநோய் பாலால் வருகிறதா, காற்றால் வருகிறதா என்பது அக்காலப் பெரும் வழக்கு. ஜெர்மானிய அறிஞர் பேரிங் 1903-இல், கைக்குழந்தைப் பருவத்தில் பாலோடு குடலுக்குள் சென்ற கிருமியே பிற்காலக் காசத்திற்கு வேர் என வாதிட்டார். அன்டன் கோன் என்னும் நோய்க்கூற்று அறிஞர், இறந்த 184 குழந்தைகளின் உடல்களைப் பொறுமையுடன் ஆராய்ந்து, 1912-இல் நூல் ஒன்றை வெளியிட்டார். பிறர் காணாது விட்ட சிறியதொரு முதற்புண்ணை அவர் பத்தில் ஒன்பது பங்கிற்கும் மேற்பட்ட குழந்தைகளின் நுரையீரலிலேயே கண்டார். அப்புண்ணுக்கு உரிய நெறி எப்போதும் வீங்கியிருந்தது. பிரெஞ்சு மருத்துவர் பாரோ 1876-இல் கூறிய விதியும் இதுவே.

பசுவின் பாலால் வரும் காசநோயும் மெய்யே. பாலைக் காய்ச்சிப் பருகும் வழக்கமும், நோயுற்ற மாடுகளை விலக்கியதும் அதைப் பெரிதும் ஒடுக்கின. ஆனால் கோன் ஆராய்ந்த குழந்தைகளில் பெரும்பாலோரின் நுரையீரல் கூறிய சாட்சி ஐயமற்றது: அவர்கள் கிருமியை மூச்சோடு இழுத்திருந்தனர். அப்படியாயின், அக்காற்றில் கிருமியை இருமியவர் யார்? கோனின் ஆராய்ச்சி ஒவ்வொரு குழந்தையின் பின்னாலும் ஒரு வளர்ந்தவரைக் காட்டி நின்றது. பிற்காலத்தில், 1936-இல், கோனும் காசநோயாலேயே மாண்டார்.

நோயின் நாட்குறிப்பு

ரான்ட்கன் 1895-இல் கண்ட எக்ஸ்-ரே, கோன் பிணத்திற் கண்டதை உயிருள்ள குழந்தையிலும் காண உதவியது. எனினும் குழந்தை அசைகிறது, அழுகிறது. நெறியின் நிழல் இதயத்தின் நிழலில் மறைகிறது. ஒரே படத்தை நோக்கும் இரு மருத்துவர்கள் இரு முடிவு கூறுவதும் உண்டு. ஒரு படத்தை மட்டும் நம்புவதைவிடக் காலத்தையும் சேர்த்து நோக்க வேண்டும் என்பதை உணர்த்தியவர் சுவீடன் நாட்டுக் குழந்தை மருத்துவர் ஆர்விட் வால்கிரென்.

அவர் 1948-இல் வெளியிட்ட கட்டுரை, காசநோய்க்கு ஒரு கால அட்டவணையே வகுத்தது. கிருமி புகுந்த மூன்று முதல் எட்டு வாரத்தில் தோற்சோதனை சிவக்கத் தொடங்கும். சிலருக்குச் சிறு காய்ச்சல் தோன்றி மறையும். அடுத்த சில திங்கள்களே இளங்குழந்தைக்கு மிகக் கொடிய காலம். மூளையுறையைத் தாக்கும் காசமும், இரத்தத்தின் வழியே உடலெங்கும் பரவும் காசமும் அப்போதுதான் தோன்றும். மார்பில் நீர் கோத்தல் அதன் பிறகு வரும். எலும்பையும் மூட்டையும் தாக்கும் வகை பெரும்பாலும் ஓராண்டு கடந்தே வெளிப்படும்.

மருந்தில்லாக் காலத்து ஆய்வுகளைத் தொகுத்து நோக்கிய அறிஞர்கள் வயதின் பங்கையும் அளந்துள்ளனர். கிருமி தொற்றிய பிள்ளை ஐந்து முதல் பத்து வயதினதாயின், நோயுறுபவர் நூற்றுக்கு இரண்டளவே. ஒரு வயது நிரம்பாத குழந்தையாயின், ஏறத்தாழப் பாதிப் பேர் நோயுறுவர். நூற்றுக்கு 10 முதல் 20 பேரை மூளையுறைக் காசமோ, உடலெங்கும் பரவும் காசமோ பற்றும்.

1943-இல் ஸ்ட்ரெப்டோமைசின் கண்டறியப்படும் வரை, மூளையுறைக் காசத்தை அறிந்து சொல்வது மரணத் தீர்ப்பைப் படிப்பதற்கு ஒப்பாகவே இருந்தது. மருந்துகள் வந்தபின் நிலை மாறியது. ஒரு வாரம் முன்னதாக அறிந்தால் குழந்தை ஓடி விளையாடும். ஒரு வாரம் பிந்தினால் பார்வையோ, செவியோ, அறிவோ, உயிரோ போகும். விட் எழுதிவைத்த அதே குறிகள் தோன்றும் வரை காத்திருக்கலாகாது என்பது அப்போது புலனாயிற்று.

கேட்க வேண்டிய கேள்வி

வளர்ந்தவரிடமிருந்து பிள்ளைகளுக்கு நோய் பரவுவதை உலகிற்குத் தெளிவாகக் காட்டிய நிகழ்ச்சி ஒன்று ஆசிரியர்கள் அறியத் தக்கது. இரண்டாம் உலகப் போரின்போது, 1942–43 குளிர்காலத்தில், டென்மார்க்கின் பெண்கள் பள்ளி ஒன்றில் பாடங்கள் விமானத் தாக்குதலுக்கு அஞ்சிக் காற்றோட்டமற்ற புகலிட அறையில் நடந்தன. மாணவிகள் பலருக்கு அடுத்தடுத்துத் தொற்று ஏற்பட்டதை ஆராய்ந்தபோது, நோயின் ஊற்று ஓர் ஆசிரியை என்பது தெரிந்தது. மாணவிகளின் தோற்சோதனைக் கணக்கு முன்னரே பதிவாகியிருந்தமையால், யார் யாருக்குப் புதிதாகத் தொற்றியது என்பதைப் பிரித்தறிய முடிந்தது.

வளர்ந்தவர்தாம் ஊற்று எனில், அவரைக் குடும்பத்தினின்று பிரித்து அனுப்பியே தீர வேண்டுமா? இவ்வினாவுக்கு விடை தந்த பெருமை சென்னைக்கு உரியது. 1956-ஆம் ஆண்டில் அங்கே நிறுவப்பெற்ற காசநோய் மருந்துச் சிகிச்சை நிலையம், ஏழை நோயாளிகள் சிலரை மருத்துவமனையிலும் சிலரை அவரவர் வீட்டிலும் வைத்து ஒரே மருந்தை அளித்தது. வீட்டில் இருந்து மருந்துண்டவர்களும் ஏறத்தாழ அவ்வண்ணமே தேறினர் என 1959-இல் அறிவிக்கப்பட்டது. அவர்களுடன் வாழ்ந்த குடும்பத்தாரைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்ததில், அவர்களுக்கு அதனால் கூடுதலான தீங்கு நேரவில்லை என்பதும் தெரிந்தது. ஆபத்து மிகுந்த காலம், இருமுபவரின் நோய் அறியப்படாமலும் மருந்து தொடங்காமலும் கழியும் காலமே.

ஆய்வுக்கூடமில்லாத இடங்களில் பணியாற்றிய மருத்துவர்கள், பல குறிகளுக்கும் மதிப்பெண் இட்டுக் கூட்டி முடிவு செய்யும் முறைகளை வகுத்தனர். பாபுவா நியூகினியில் பணிபுரிந்த எட்வர்ட்ஸ் 1987-இல் வெளியிட்ட பட்டியல் புகழ்பெற்றது. குழந்தை எத்தனை வாரமாக நோயுற்றிருக்கிறது, எடை ஏறுகிறதா, நெறிகள் வீங்கியுள்ளனவா, காய்ச்சல் விடாது இருக்கிறதா என அது வினவியது. வீட்டில் எவருக்கேனும் காசநோய் உண்டா என்பதும் அதில் ஒரு வினா. அந்நோயாளியின் சளியில் கிருமி இருப்பது உறுதியானால் அதற்கு 3 மதிப்பெண். எல்லாம் கூடி 7 ஆயின் நோய் உண்டெனக் கொள்வர். இத்தகைய பட்டியல்களும் பிழைபடுவதுண்டு. ஆயினும் ஜான்சன் வீட்டு மருத்துவர் கவனித்த செய்தி, கணக்கோடு கூடிய மருத்துவ விதியாக இங்கே திரும்பி வந்தது.

2010-ஆம் ஆண்டில் கிருமியின் மரபுப் பொருளைச் சில மணி நேரத்தில் கண்டறியும் கருவியை உலகச் சுகாதார நிறுவனம் ஏற்றது. விழுங்கிய சளி இறுதியில் மலத்தோடு வெளியேறும் அன்றோ? ஆகவே இரைப்பைக்குள் குழாய் விடாமலே, குழந்தையின் மலத்தை அக்கருவியில் இட்டுச் சோதிக்கும் முறையும் அண்மையில் ஏற்கப்பெற்றுள்ளது. 2022-இல் வெளியான அந்நிறுவனத்தின் நெறிமுறைகள், சோதனையில் கிருமி கிடைக்காவிடினும், குறிகளையும் தொடர்பையும் மதிப்பெண்ணிட்டு மருந்து தொடங்கலாம் என வழிகாட்டுகின்றன. அதே ஆண்டில், சென்னையையும் ஓர் இடமாகக் கொண்டு ஐந்து நகரங்களில் 1,204 பிள்ளைகளிடம் நடந்த ஆய்வு, நோய் முற்றாத குழந்தைக்கு ஆறு திங்களுக்குப் பதில் நான்கு திங்கள் மருந்தே போதும் என நிறுவியது. விரைந்து கண்டறிந்தால் குழந்தைக்கு உயிர் மிஞ்சுவதோடு மருந்தும் குறைகிறது.

மலேசியாவில் 1961-ஆம் ஆண்டில் தேசியக் காசநோய்த் தடுப்புத் திட்டம் தொடங்கியது. பிறந்த குழந்தைக்கு பி.சி.ஜி. ஊசி குத்துவது வழக்கமாயிற்று. அவ்வூசி மூளையுறைக் காசத்தினின்று இளங்குழந்தைகளைப் பெரிதும் காக்கிறது. ஆயினும் தொற்றை அது முற்றும் தடுப்பதில்லை. தோளில் வடு இருக்கிறது என்பதற்காக ஐயத்தைக் கைவிடலாகாது.

அரசியின் கை முதல் மரபுப் பொருளைத் தேடும் கருவி வரை வந்த இவ்வழி நெடியது. அவ்வழியில் ஒவ்வொரு கருவியும் ஓரிடத்தில் பயன்பட்டு, மற்றோரிடத்தில் தோற்றது. தோற்காது நிற்பவை இரண்டு. ஒன்று, குழந்தையின் எடை ஏறாமையையும் விளையாட்டில் நாட்டம் குன்றுவதையும் இரண்டு வாரத்திற்கு மேல் நீடிக்கும் இருமலையும் கவனிக்கும் கண். மற்றொன்று, இந்த வீட்டில் இருமுபவர் யார் என்று கேட்கும் வாய். இவ்விரண்டிற்கும் ஆய்வுக்கூடம் வேண்டுவதில்லை. தாயும், பாட்டியும், ஆசிரியரும் அவற்றை உடையவர்களே. இருமும் பெரியவர் நாணமின்றி மருத்துவமனைக்குச் செல்வாராயின், பேசத் தெரியாத ஒரு குழந்தையின் நோய் அன்றே பாதி அறியப்பட்டதாகும்.